தேராது தெளிதலும் கண்டுணராமையும்: தனிநிகழ்வுச் சான்றின் பொருளும் பயனும் (பிளாச்சிமடாவை முன்வைத்து)

ஒருவர் தமக்கு நேர்ந்ததாகவோ தாம் நேரில் கண்டதாகவோ கூறும் ஒரு நிகழ்ச்சி, பொதுவான ஓர் உண்மையை நிறுவுவதற்கு எடுத்துக்காட்டப்படும்போது அதனைத் தனிநிகழ்வுச் சான்று எனக் குறிக்கலாம். தமிழில் இதற்கு நிலைபெற்ற கலைச்சொல் அமையவில்லை. செவிவழிச் செய்தி, கர்ண பரம்பரை, வாய்மொழி, அனுபவக் கூற்று என்பன இடத்திற்கேற்ப வழங்கி வருகின்றன. ஆயினும் இவை ஒரு பொருள் குறித்த பல சொற்கள் ஆகா. பட்டவரே கூறுவது அனுபவக் கூற்று. இன்னார் கூறினார் என்று சுட்ட இயலாதபடி வாய்மாறி வருவது செவிவழிச் செய்தி. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல், இரண்டையும் 'வெறுங்கதை' என ஒருங்கே ஒதுக்குவதும், 'மக்கள் குரல்' என ஒருங்கே போற்றுவதும் இன்று காணப்படும் இரு போக்குகளாகும். இவ்விரு போக்குகளும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பதையும், அப்பிழை அறிவுத்துறைக்குள் அடங்காமல் அறத்தையும் சார்வது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அதற்குக் களமாகப் பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில் 2000ஆம் ஆண்டிற்குப் பின் நிகழ்ந்த நீர்ச்சிக்கல் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

ஐதிகம் என்னும் அளவை

தமிழ் மரபில் இச்சிக்கல் புதியதன்று. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர்தம் திறம் கேட்கும் காதையில், அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். வேதவியாதர், கிருதகோடி, சைமினி ஆகியோர் முறையே பத்தும் எட்டும் ஆறும் கொண்டனர் என்பதும் அங்கே கூறப்படுகிறது. அப்பத்தனுள் ஒன்று ஐதிகம். இதற்குச் சாத்தனார் காட்டும் எடுத்துக்காட்டு மரத்தில் உறையும் பேய். இம்மரத்தில் பேய் உண்டென்று உலகோர் சொல்லி வருவதைக் கொண்டு அவ்வாறே துணிவது ஐதிகமாகும். இவ்வெடுத்துக்காட்டில் மெல்லிய எள்ளல் இழையோடுகிறதோ என ஐயுறவும் இடமுண்டு. அளவைகளின் வரிசையில் ஐதிகத்திற்கு இடம் தரப்படுகிறது. ஆனால் அதன் வழியே வந்து சேர்வது ஒரு பேய்.

பிற்காலத்தில் சிவஞான சித்தியார் அளவை இயலில் அருணந்தி சிவாசாரியார் பிறர் கொள்ளும் அளவைகளை எண்ணிக் காட்டி, அனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று முடித்தார். ஐதிகமும் அவ்வாறு அடக்கப்பட்டவற்றுள் ஒன்று. நியாய சூத்திரமும் ஐதிகத்தைத் தனி அளவையாகக் கொள்ளாமல் சொல்லளவையில் அடக்கியது. அதன் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் இவ்விடத்தில் கூறும் இரு செய்திகள் இன்றைய சிக்கலுக்கு நேரே பொருந்துவன. முதலாவது, ஐதிகம் என்பது சொன்னவர் இன்னாரெனக் குறிக்கப்படாமல் வழிவழியாக வரும் கூற்று என்பது. இரண்டாவது, ஆப்தன் எனப்படும் நம்பத்தக்கவனின் இலக்கணம் முனிவர்க்கும் ஆரியர்க்கும் மிலேச்சர்க்கும் பொதுவானது என்பது. பொருளை நேரே அறிந்தவராய், அறிந்தவாறே உரைக்கும் விருப்பமுடையவராய் இருப்பவர் எவரும் ஆப்தரே. குலமும் கல்வியும் இவ்விலக்கணத்தில் சேரவில்லை. பிறவற்றில் குலவேற்றுமையைப் பெரிதும் போற்றிய ஒரு சிந்தனை மரபு, சான்றுரைப்பதில் மட்டும் அதனைக் கைவிட்டது வியப்பிற்குரியது.

இவ்விரு குறிப்புகளையும் சேர்த்து நோக்கினால் ஓர் எல்லைக்கோடு தெளிவாகிறது. கூறியவர் நின்றுகொண்டிருக்கிறார், அவரிடம் திரும்பக் கேட்கலாம், அவர் அறிந்த வழி எதுவென்று வினவலாம் என்னும் நிலையில் ஒரு கூற்று 'உரை' ஆகிறது. கேட்பதற்கு எவரும் இல்லாத நிலையில் அதே கூற்று ஐதிகமாக மாறுகிறது. சொற்கள் மாறவேண்டியதில்லை, சொன்னவர் மறைந்தால் போதும். தமிழ் இலக்கிய வரலாற்றாசிரியர் இதனை நன்கறிவர். தமிழ் நாவலர் சரிதை, விநோதரச மஞ்சரி முதலியவற்றில் புலவர்களைப் பற்றி வரும் கதைகளை எந்த அளவிற்கு ஏற்பது என்னும் வினா அவர்களுக்கு அன்றாட வினா. அக்கதைகளைச் சொன்ன முதல் வாய் எது என்று இன்று எவராலும் கேட்க இயலாது என்பதே அங்குள்ள இடர்ப்பாடு.

மணிமேகலையின் அதே காதையில் அளவைப் போலிகள் எட்டும் கூறப்படுகின்றன. அவற்றுள் இரண்டு ஈண்டு வேண்டப்படுவன. ஒன்று, தேராது தெளிதல். வெளியில் நட்ட கட்டையை ஆராயாமல் மனிதன் என முடிவு செய்வது இதற்கு எடுத்துக்காட்டு. மற்றொன்று, கண்டுணராமை, புலி அருகில் வந்தபோதும் அதனைக் கண்டும் உணராதிருத்தல். அளவையியல் நூல்களைப் பற்றிய ஆய்வுகளில் முதற்போலி பெரிதும் பேசப்படுகிறது. இரண்டாவதும் அதே பட்டியலில், அதே தரத்தில் பிழையாக வைக்கப்பட்டுள்ளமை போதிய கவனம் பெறவில்லை. இல்லாத மனிதனைக் காண்பதும் இருக்கும் புலியைக் காணாமையும் அளவைவாதிக்கு ஒரே இனக் குற்றங்கள். எச்சரிக்கை என்ற பெயரில் எதையும் நம்பாதிருப்பவர் குற்றத்திலிருந்து தப்பிவிடுவதில்லை.

பிளாச்சிமடாவில் சொல்லப்பட்டவை

கோயம்புத்தூரிலிருந்து வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே செல்வோர் முதலில் எதிர்கொள்ளும் பெரிய தொழிற்பகுதி கஞ்சிக்கோடு. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லை நிலம் இது. கேரளம் என்றதும் நினைவிற்கு வரும் பெருமழை இக்கிழக்குப் பகுதிக்கு முழுதும் உரியதன்று. பனைகள் நிற்கும் மழைமறைவு நிலங்கள் இங்கே மிகுதி. இப்பகுதியில் குளிர்பான ஆலைகள் இரண்டு அமைந்தன. கஞ்சிக்கோட்டில் பெப்சி நிறுவனத்தின் ஆலை இயங்கியது. 2003ஆம் ஆண்டில் அதன் உரிமத்தை நீக்க அவ்விடத்துப் புதுச்சேரி ஊராட்சி முற்பட்டது. அவ்வாலை 2020இல் மூடப்பட்டது. மற்றொன்று தெற்கே, சித்தூர் வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடாவில் ஏறத்தாழ 34 ஏக்கர் நிலத்தில் கோகோ கோலா நிறுவனம் அமைத்த ஆலை. அது 2000ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. கஞ்சிக்கோட்டுச் சிக்கலினும் பிளாச்சிமடாச் சிக்கல் சான்று பற்றிய வினாவை மிகக் கூர்மையாக எழுப்பியதால் அதுவே இங்கு விரித்துரைக்கப்படுகிறது.

ஆலையைச் சுற்றி வாழ்ந்தோருள் இரவாளர், மலசர் ஆகிய பழங்குடியினர் பலர். ஆலை இயங்கத் தொடங்கிய சில காலத்திற்குள் அங்குள்ள பெண்கள் கூறத் தொடங்கியவை இவை: கிணற்று நீரின் சுவை மாறிவிட்டது, அதில் சோறு சரியாக ஆவதில்லை, பருப்பு வேகவில்லை, குளித்தால் உடல் அரிக்கிறது, தலைமயிர் பிசுபிசுக்கிறது, வயிற்றுக் கோளாறு வருகிறது, கிணற்றில் நீர் கீழே போய்விட்டது, இவற்றிற்கெல்லாம் ஆலையே காரணம். இரவாளர் குலத்தைச் சேர்ந்த மயிலம்மா இவ்வாறு கூறியவர்களுள் முதன்மையானவர். பள்ளிக் கல்வி இல்லாத அவர் 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் தொடங்கிய போராட்டத்தின் முகமாக அறியப்பட்டு, 2007 ஜனவரியில் மறைந்தார். அவர் சொல்லச் சொல்ல ஜோதிபாய் பரியாடத்து எழுதிய வாழ்க்கை வரலாறு மலையாளத்தில் நூலாக வெளிவந்துள்ளது.

இக்கூற்றுகளைக் கேட்ட பலரும் அவற்றை ஒரே கட்டாக எடுத்துக்கொண்டனர். நம்பியவர்கள் அனைத்தையும் நம்பினர். நம்பாதவர்கள் அனைத்தையும் மறுத்தனர். அளவையியல் நோக்கில் இக்கட்டினை அவிழ்ப்பதே முதல் வேலையாகும். பருப்பு வேகவில்லை என்பது காட்சி. நீர்மட்டம் தாழ்ந்தது என்பது காட்சியோடு நினைவு சேர்ந்தது. முன்பு கயிறு எவ்வளவு இறங்கிற்று, இன்று எவ்வளவு இறங்குகிறது என்னும் ஒப்பீடு அதில் உண்டு. வயிற்றுக் கோளாறு நீரினால் வந்தது என்பதில் கருதல் புகுகிறது. ஆலையே காரணம் என்பது முற்றிலும் கருதல். பட்டவரின் கூற்றிற்கு முதல் இரண்டில் உள்ள உரிமை நான்காவதில் அவ்வாறே இல்லை. நீரைக் குடித்தவர் நீரின் சுவையை மற்றவரினும் நன்கறிவார். நிலத்தடிப் பாறையிடுக்குகளில் நீர் செல்லும் வழியை அவரும் கண்டதில்லை.

எதிர்வாதமும் இவ்விடத்தில்தான் நிற்கிறது. 2002ஐ ஒட்டிய ஆண்டுகளில் இப்பகுதியில் மழை குன்றியிருந்தது. மழை குன்றினால் கிணறு வற்றும்; பாறையில் நெடுநாள் தங்கி உப்பேறிய நீர் மேலோங்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, ஆலை வந்ததும் வறட்சி வந்ததும் ஒருங்கே நேர்ந்திருக்கலாம் அல்லவா? இவ்வினா நேர்மையானதே. ஆனால் இவ்வினா தாக்குவது கருதலை மட்டுமே. காக்கை உட்கார்ந்ததால் பனம்பழம் விழவில்லை என்று நிறுவலாம். பனம்பழம் விழவேயில்லை என்பது அதனால் பெறப்படாது. பிளாச்சிமடாவில் நிகழ்ந்த அறிவுப்பிழை இத்தகையது. காரணம் பற்றிய கூற்று ஐயத்திற்குரியது என்பதைக் காட்டி, நீர் கெட்டது என்னும் கூற்றையும் சேர்த்தே ஐயத்திற்குரியதாக்கினர். காரணம் எதுவாயினும் ஒரு குடியிருப்பின் குடிநீர் குடிக்க இயலாததாகிவிட்டது என்பது தன்னளவில் அரசின் கடமையை எழுப்பும் செய்தி. அச்செய்திக்குக் காரணம் தெரியவேண்டியதில்லை.

அடுக்களையும் ஆய்வுக்கூடமும்

பருப்பு வேகவில்லை என்னும் கூற்று சிறிது விரிவாக நோக்கத்தக்கது. கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுந்த கடினநீரில் பருப்பின் உயிரணுச் சுவரிலுள்ள பெக்டின் என்னும் பொருள் இறுகிவிடுகிறது, பருப்பு குழைவதில்லை. அதே உப்புகள் சோப்புடன் சேர்ந்து நுரையைக் கெடுத்து, கரையாத படிவாகத் தோலிலும் மயிரிலும் ஒட்டிக்கொள்கின்றன. பெண்கள் தனித்தனியே அடுக்கிய குறைகளுள் மூன்று ஒரே வேதியியல் காரணத்தைச் சுட்டுகின்றன. சொன்னவர்கள் இவ்வேதியியலை அறிந்து ஒன்றோடொன்று பொருந்துமாறு புனைந்திருக்க வாய்ப்பில்லை. அறியாதவர் வாயிலிருந்து வந்த மூன்று கூற்றுகள் அறிந்தவர் நூலில் ஒன்றுபடும்போது அவற்றின் சான்றுத்தன்மை பன்மடங்காகிறது. பின்னர் நிகழ்ந்த சோதனைகளிலும் அப்பகுதிக் கிணற்று நீரில் கரைந்த உப்பும் கடினத்தன்மையும் மிகுந்திருந்தமை தெரியவந்தது.

நாள்தோறும் அதே பானையில், அதே அடுப்பில், அதே கடையில் வாங்கிய அரிசியையும் பருப்பையும் ஆக்கும் ஒருவர், மாறியது நீர் ஒன்றே என்னும் நிலையில் வேறுபாட்டைக் காண்கிறார். பிறவற்றை மாறாமல் நிறுத்தி ஒன்றை மட்டும் மாற்றி நோக்கும் முறைக்கு ஆய்வுக்கூடத்தில் பெரிய பெயர் உண்டு. அடுக்களையில் அது பெயரில்லாமல் நடைபெறுகிறது. இதனைக் கொண்டு அடுக்களையே ஆய்வுக்கூடம் என்று முழங்குவதும் மிகையே. அடுக்களை, நீர் மாறிவிட்டது என்று சொல்லவல்லது. எவ்வளவு மாறியது, எதனால் மாறியது என்பதற்கு அது விடை தராது. ஈயமும் காட்மியமும் நாவிற்குத் தெரியமாட்டா.

அவ்வுலோகங்களின் செய்தி வேறு வழியில் வந்தது. ஆலைக்கழிவாகிய சேறு சுற்றுப்புற உழவர்களுக்கு உரம் என வழங்கப்பட்டது. 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலி நிகழ்ச்சியொன்று அச்சேற்றினை இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கச் செய்து, அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக வெளியிட்டது. மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அடுத்தடுத்து நிகழ்த்திய சோதனைகளோ ஒன்றுக்கொன்று ஒவ்வாத அளவுகளைத் தந்தன. ஒரு செய்தி இங்கே கவனிக்கத்தக்கது. சேறு நல்ல உரம் என்பதும் ஒரு கூற்றே. அக்கூற்றிற்கு உழவர்கள் சான்று கேட்கவில்லை. நிறுவனத்தின் சொல் உரையாக ஏற்கப்பட்டது. ஊராரின் சொல் ஐதிகமாக ஒதுக்கப்பட்டது. சொன்னவரின் நிலை பார்த்து நம்பகத்தை அளந்து கொடுக்கும் இவ்வழக்கத்தினை ஆங்கில மெய்யியலாளர் மிரண்டா ஃப்ரிக்கர் 2007இல் வெளியிட்ட நூலில் அறிவுசார் அநீதியின் ஒரு வகையாக விளக்கினார். வாத்ஸ்யாயனரின் ஆப்த இலக்கணம் அதே அநீதியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இலக்கண அளவில் விலக்கியிருந்தது. வாழ்க்கை அளவில் விலக்கியதா என்பது வேறு.

ஒன்று போதுமா?

தனிநிகழ்வுச் சான்றிற்கு எதிராக வழக்கமாகக் கூறப்படுவது அது ஒன்றே என்பது. ஒரு கிணறு, ஒரு குடும்பம், ஒரு நோயாளி கொண்டு பொதுவிதி சொல்லலாகாது. இது சரியே, ஆயினும் எவ்வினாவிற்கு விடையாக அச்சான்று வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே இதன் வலிமை அமையும். இத்தகைய ஆலைகள் பொதுவாக நீரைக் கெடுக்குமா என்பது வினாவாயின் ஒரு கிணறு போதாது. எந்தக் கிணற்றிற்கும் கேடு இல்லை என்பது எதிர்த்தரப்பின் உறுதியுரையாயின் அதனை மறுக்க ஒரு கிணறு போதும். 'எல்லாம்' என்னும் கூற்றினை ஒன்றே வீழ்த்தும் என்பது அளவையியலின் தொடக்கப்பாடம்.

சட்டமும் இவ்வாறே கொள்கிறது. ஒரு நிகழ்ச்சியை மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்னும் வரையறை 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இல்லை. அதற்கு மாற்றாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் இல்லை. கேட்டதைக் கேட்டவர் சொல்வதை அது பெரும்பாலும் விலக்குகிறது. கண்டவர் ஒருவரே ஆயினும் குறுக்கு விசாரணைக்கு நிற்பாராயின் ஏற்கிறது. ஐதிகத்திற்கும் உரைக்கும் இடையே அளவை நூலார் வகுத்த கோடும் ஏறத்தாழ இதுவே.

சொல்பவர் பயன் கருதுபவர் என்பது அடுத்த தடை. பிளாச்சிமடாப் பெண்கள் இழப்பீடு வேண்டுபவர்கள். அவர்கள் சொல்லை எவ்வாறு கொள்வது? இதற்குச் சிலப்பதிகாரம் தெளிவான விடை வைத்துள்ளது. பொற்கொல்லன் சொன்னது ஒருவன் சொல். தன் களவை மறைக்கும் பயன் கருதியது. கண்ணகி சொன்னதும் ஒருத்தி சொல். கணவன் பழியைத் துடைக்கும் பயன் கருதியது. எண்ணிக்கையாலும் பயன்நோக்காலும் இரண்டிற்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. கண்ணகி தன் கூற்றினைச் சோதிக்கும் வழியையும் சேர்த்தே வைத்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தது முத்து. உடைத்துப் பார்க்கலாம். பொற்கொல்லனின் சொல்லை உடைத்துப் பார்க்கப் பாண்டியன் நினைக்கவில்லை. கண்ணகி அவனை விளிக்கும் முதற்சொல்லிலேயே தேராமை என்னும் குற்றம் சுட்டப்படுவதும், மணிமேகலையின் போலிப் பட்டியலில் தேராது தெளிதல் இடம்பெறுவதும் இரட்டைக் காப்பியங்களின் உள்ளொற்றுமைகளுள் ஒன்றாக ஆராயத்தக்கவை. வந்து பாருங்கள், இந்த நீரில் ஆக்கிப் பாருங்கள் என்ற பெண்களின் அழைப்பு கண்ணகியின் சிலம்பை ஒத்தது.

நம்பத்தக்கவர் என்னும் பெயரும் நிலையான உறுதியன்று. மருத்துவ வரலாற்றில் இதற்கு நன்கறியப்பட்ட சான்று உண்டு. தாலிடமைடு என்னும் மருந்தினை உட்கொண்ட தாய்மார்க்கு உறுப்புக்குறையுள்ள குழந்தைகள் பிறப்பதைத் தாம் கண்டதாக ஆஸ்திரேலிய மகப்பேற்று மருத்துவர் வில்லியம் மெக்பிரைடு 1961 டிசம்பரில் லான்செட் இதழுக்குச் சில வரிகளில் மடல் எழுதினார். அது தனிநிகழ்வுச் சான்று. பெரிய ஆய்வு எதுவும் இல்லை. ஜெர்மனியில் லென்ஸ் என்னும் மருத்துவரும் அதே காலத்தில் அதனையே கண்டிருந்தார். அவ்வெச்சரிக்கை மெய்யாயிற்று. அதே மெக்பிரைடு பின்னாளில் வேறொரு மருந்தைப் பற்றிய ஆய்வில் தரவுகளைத் திரித்தமை வெளிப்பட்டு 1993இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். ஒருமுறை உண்மை சொன்னவர் என்பதால் மறுமுறை வினவாதிருத்தல் கூடாது. யார் வாய்க் கேட்பினும் பொருளை நோக்குக என்னும் வள்ளுவரின் நெறி எளியவர் சொல்லை ஏற்பதற்கு மட்டும் மேற்கோளாக்கப்படுகிறது. பெரியவர் சொல்லை ஐயுறுவதற்கும் அது பொருந்தும்.

பதிவு செய்தலின் போதாமை

மேற்கூறிய இரு பிழைகளோடு, தமிழியல் துறைகள் குறிப்பாக எண்ண வேண்டிய மூன்றாவது ஒன்றும் உண்டு. நாட்டார் வழக்காற்றியலும் வாய்மொழி வரலாறும் மக்கள் கூற்றுகளைத் தொகுப்பதைப் பெரும்பணியாகச் செய்து வருகின்றன. அவ்வாறு தொகுக்கும்போது கூற்று மெய்யா பொய்யா என்னும் வினாவினை நிறுத்திவைத்து, அது எவ்வாறு சொல்லப்படுகிறது, சொல்பவர்க்கு என்ன பொருள் தருகிறது என்று நோக்குவது முறையியலாகக் கற்பிக்கப்படுகிறது. ஐவர்மலைக் கதைக்கும் நல்லதங்காள் கதைக்கும் இம்முறை ஏற்றது. நீர் கெட்டுவிட்டது என்று சொல்பவரிடம் இம்முறை ஒருவகை அவமதிப்பாகிவிடுகிறது. அவர் கதை சொல்லவில்லை, செய்தி சொல்கிறார். அதை மறுப்பவர்கூட அவர் கூற்றினை உண்மை பொய்மைக்குரிய கூற்றாக மதிக்கிறார். 'எடுத்துரைப்பு' எனக் குறித்து ஒலிநாடாவில் சேர்த்து வைப்பவர் அம்மதிப்பினையும் தருவதில்லை. இதுவும் கண்டுணராமையின் நுண்ணிய வடிவம். புலியைப் படமெடுத்து வைத்துக்கொள்வது போன்றது.

இம்மூன்றிற்கும் மாற்றாக நிற்பது உசாவல். கேட்டவர் தம்மால் இயன்ற அளவு அடுத்த வினாவினைத் தொடுப்பதற்குக் கடமைப்படுகிறார். அடுத்த கிணற்றிலும் அவ்வாறேயா? ஆலையிலிருந்து விலகிய ஊரில் எப்படி? வறட்சி வந்த முந்தைய ஆண்டுகளில் எப்படியிருந்தது? இவ்வினாக்களுக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. பெரும்பாலும் கால்நடையே போதும். தமிழகத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய வேலூர் மக்கள் நல மன்ற வழக்கு இதற்குச் சான்று. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய அத்தீர்ப்பில், திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு தன்னார்வ அமைப்பு 13 ஊர்களில் எடுத்த கணக்கு எடுத்துக்காட்டப்பட்டுள்ளது: குடிநீருக்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கெட்டிருந்தன. எங்கள் கிணறு கெட்டது என்னும் தனிக்கூற்று, கிணறு கிணறாகச் சென்று உசாவியதால் எண்ணாக மாறியது. தனிநிகழ்வுகளின் பன்மை தரவு ஆகாது என்பர். உசாவி எண்ணப்பட்ட பன்மை தரவாகும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. கேடற்ற 117 கிணறுகளும் அக்கணக்கினுள் அடங்கியுள்ளமை அதன் நம்பகத்திற்குக் காரணம்; கதை சொல்பவர் கெடாத கிணற்றைச் சொல்வதில்லை.

அதே தீர்ப்பு மற்றொன்றையும் வலியுறுத்தியது. சூழலுக்குக் கேடு நேரலாம் என்னும் நிலையில் மெய்ப்பிக்கும் சுமை, கேடில்லை என்று சொல்லித் தொழில் நடத்துபவர் மேலது. இக்கோட்பாட்டினைத் தனிநிகழ்வுச் சான்றின் நோக்கில் விளக்கினால், எளியவரின் சொல் தன்னளவில் தீர்ப்பைத் தருவதில்லை. வினாவினைத் திறந்து, விடை தரும் கடமையை வலியவர் பக்கம் மாற்றுகிறது. கருவியும் ஆய்வுக்கூடமும் யார் கையில் உள்ளனவோ அவரிடம் அளக்கச் சொல்வது அறம். நீரை மாற்றிய காரணத்தைப் பாறைக்குள் சென்று கண்டுவரும்படி குடம் சுமப்பவரிடம் கேட்பது அறமாகாது.

பிளாச்சிமடா வழக்கின் போக்கினை இக்கண்கொண்டு நோக்கலாம். 2003 ஏப்ரலில் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2003 டிசம்பர் 16 அன்று கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அதனைக் காப்பது அரசினதும் ஊராட்சியினதும் கடமை எனத் தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலையின் உற்பத்தி நின்றது. 2005 ஏப்ரல் 7 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, வல்லுநர் குழுவின் அறிக்கையை ஏற்று, மழை இயல்பாக உள்ள ஆண்டில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. அவ்வறிக்கை தன் வினாவிற்குச் சரியான விடையைத் தந்திருக்கக்கூடும். நிலத்தடியில் எவ்வளவு நீர் உண்டு, எவ்வளவு எடுக்கலாம் என்பது அவ்வினா. பெண்கள் முதலில் சொன்னதோ அளவைப் பற்றியதினும் மிகுதியாகத் தன்மையைப் பற்றியது. பருப்பு வேகாமையை லிட்டரில் அளக்க முடியாது. ஒரு கூற்றினைச் சோதிப்பதாகத் தொடங்கி, எளிதில் அளக்கத்தக்க வேறொரு கூற்றினைச் சோதித்து முடிப்பது வல்லுநர் உலகில் அரிதன்று.

2010இல் கே. ஜெயக்குமார் தலைமையிலான உயர்நிலைக் குழு வேளாண்மை, உடல்நலம், நீர், வேலை ஆகியவற்றில் நேர்ந்த இழப்பினை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 2011இல் கேரளச் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்கான சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. அது குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமல் திரும்பியது. ஆலையை மீண்டும் இயக்கும் எண்ணமில்லை என நிறுவனம் தெரிவித்ததால் 2017இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடிவுற்றது. நீர் எதனால் கெட்டது என்னும் வினாவிற்கு இத்தீர்ப்புகளில் எதிலும் முழுவிடை இல்லை.

2025 ஜனவரியில் கஞ்சிக்கோட்டிற்கு அண்மையிலுள்ள எலப்புள்ளியில் மதுபான ஆலையொன்று அமைக்க மாநில அமைச்சரவை முதற்கட்ட ஒப்புதல் அளித்தபோது, எதிர்த்தவர்கள் அனைவர் வாயிலும் பிளாச்சிமடா என்னும் பெயரே வந்தது. நிலத்தடி நீர் எடுக்கப்படாது, நீர் ஆணையத்தின் நீரும் மழைநீருமே பயன்படும் என்பது அரசுத்தரப்பின் விடை. அவ்வாறாயின் இரு நிகழ்வுகளும் ஒத்தனவா என்பது ஆராயப்பட வேண்டும். ஆராயாமல் பெயரை மட்டும் சொல்லும்போது, ஒருகாலத்தில் நின்று பதில் சொல்லவல்ல பெண்களின் உரையாக இருந்தது, மரத்துப் பேயைப் போல ஊர்வாயில் உலவும் ஐதிகமாகத் தேய்கிறது. அன்று முதலில் பேசியவர்களுள் சிலர் இன்றில்லை. எலப்புள்ளிக் கிணறுகள் உள்ளன. அவற்றின் நீரில் இன்று பருப்பு எவ்வளவு நேரத்தில் வேகிறது, கயிறு எவ்வளவு இறங்குகிறது, கோடையில் எந்தக் கிணறு முதலில் வற்றுகிறது என்பவற்றை அங்கு நீர் இறைப்போர் அறிவர். பிளாச்சிமடாவில் இவ்வினாக்கள் ஆலை வந்து, நீர் மாறி, போராட்டம் எழுந்த பின்னரே கேட்கப்பட்டன.